கம்பிவலையும் கண்மணியும்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒரு பகல் முழுவதும் சுற்றித் திரிந்துவிட்டு வீடு திரும்பி, எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கம்பிவலையின் துரு வரை எண்ணிவிடக்கூடிய அளவுக்குத் தெளிவான படங்கள் பதினாறும், அந்த வலைக்குப் பின்னால் மஞ்சள் புகைபோல் படுத்திருந்த சிறுத்தையும் எனக்குக் கிடைத்தன. பதினேழாவது படத்தில் மட்டும் வலையைக் காணவில்லை. சிறுத்தையின் மீசைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. வலையை நான் அழிக்கவில்லை; அது அங்கேயேதான் இருந்தது.

அது மறைந்த விதத்தைப் புரிந்துகொள்ள, மீசைமுடியின் நுனியில் ஒரே ஒரு புள்ளியை எண்ணிக்கொண்டால் போதும். அப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி ஒற்றைக் கோடாக வருவதில்லை. லென்ஸின் திறப்பு முழுவதையும் நிரப்பும் ஒரு கூம்பாக விரிந்து வந்து, பிறகு உள்ளே மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிகிறது. 200 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட லென்ஸை எஃப் 4 என்ற அளவில் வைத்தால், 200-ஐ 4-ஆல் வகுக்க வரும் 50 மில்லிமீட்டர்தான் அத்திறப்பின் அகலம். சிறுத்தை 10 மீட்டர் தொலைவிலும் வலை 1 மீட்டர் தொலைவிலும் இருந்தால், வலையைக் கடக்கும் இடத்தில் கூம்பு 45 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதன் குறுக்கே 2 மில்லிமீட்டர் கம்பி ஒன்று ஓடினாலும், அது தடுப்பது வந்துகொண்டிருக்கும் ஒளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான். மீதி ஒளி கம்பியின் இரு பக்கமும் நழுவி வந்து மீசைமுடியை வரைந்துவிடுகிறது. படம் சற்றே மங்கும், அவ்வளவுதான்.

திறப்பை எஃப் 16-க்குச் சுருக்கினால் கூம்பும் ஒடுங்கிவிடுகிறது. அதே கம்பி இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான ஒளியை மறித்து, சாம்பல் நிறக் கோடாகப் படத்தில் ஏறிவிடும். சிறுத்தை எழுந்து வந்து வலைமீதே சாய்ந்துகொண்டாலோ, கம்பியைக் கடக்கும் இடத்தில் கூம்புக்கு அகலமே இராது; எந்த லென்ஸாலும் அப்போது வலையைக் கரைக்க முடியாது. கைபேசியின் முதன்மைக் கேமராவுக்குத் திறப்பே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரு கம்பியே பாதி வழியை அடைத்துவிடுகிறது. எனவே கைபேசிக்காரர் வலையைக் கரைக்க முயல்வதைவிட, இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பார்ப்பதே நல்லது. வெயில் படும் கம்பி தனியே பளபளத்து படம் முழுவதையும் வெளுக்கச் செய்யும் என்பதால், நிழல் விழுந்த பகுதியைத் தேடி நிற்பதும் பயன் தரும்.

பதினேழாவது படத்தை மேலும் பெரிதாக்கியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சிறுத்தையின் கண்மணி வட்டமாக இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் மதிய வெயிலில் உறங்குவதாகப் பாசாங்கு செய்யும் பூனைக்கோ அது நெல்மணியை நிறுத்திவைத்ததுபோல் நிமிர்ந்த பிளவாக இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் ஏன் இந்த வேற்றுமை?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸும் அவருடைய சகாக்களும் நிலத்தில் வாழும் 214 விலங்கினங்களின் கண்மணி வடிவங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்னோக்கிய கண்களுடன் பதுங்கியிருந்து பாயும் 65 இனங்களில் 44-க்கு நிமிர்ந்த பிளவு இருந்தது. அந்த 44-இல் 36 இனங்களின் தோள் உயரம் 42 சென்டிமீட்டருக்கும் குறைவு. பூனை அந்தக் குள்ளர் கூட்டத்தில் அடங்கும். புலியும் சிறுத்தையும் அடங்கா.

காரணம் அதே கூம்புதான். பிளவு வழியாக வரும் கூம்பு பக்கவாட்டில் ஒடுங்கியும் மேலும் கீழுமாக நீண்டும் இருப்பதால், குவியத்தில் சேராத புள்ளி நிமிர்ந்த கீற்றாக இழுபடுகிறது. நிமிர்ந்து நிற்கும் புல்தண்டு தன் நீளத்திலேயே இழுபடுவதால் கூர்மை கெடாமல் தெரிகிறது. இரு கண்களின் காட்சிகளை ஒப்பிட்டுத் தொலைவை அளக்க அதுவே வேண்டியது. தரையில் கிடைமட்டமாக உள்ள விளிம்புகளோ எலிக்கு முன்னும் பின்னும் மங்கிப்போய், எலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு இரண்டாவது துப்பைக் கொடுக்கின்றன. இந்த மங்கல் தரையை ஒட்டிய கண்ணுக்குத்தான் போதிய அளவில் கிடைக்கும். உயரமான புலிக்கு அதனால் பெரிய ஆதாயமில்லை. பிளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பூனை தன் கண்மணியின் பரப்பை 135 மடங்கு வரை விரிக்கவும் சுருக்கவும் வல்லது, மனிதனால் ஏறத்தாழ 15 மடங்குதான் இயலும்.

மேயும் விலங்குகளில் இந்தப் பிளவு படுத்துவிடுகிறது. கிடைமட்டக் கண்மணி முன்னும் பின்னும் பக்கவாட்டிலிருந்தும் வரும் ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டு, உச்சி வெயிலை மட்டும் குறைக்கிறது. எந்தத் திசையிலிருந்து எது வந்தாலும் அடிவானத்தை ஒட்டி அது தெரிந்துவிடும். ஆனால் புல்லைத் தின்னத் தலையைக் குனிந்தால் பிளவு செங்குத்தாகிவிடாதா என்ற ஐயம் பேங்க்ஸுக்கும் எழுந்தது. அவர் உயிரியல் பூங்காவிலும் பண்ணைகளிலும் நின்று கவனித்தபோது, குனியும் தலைக்கு எதிர்த்திசையில் கண்விழியே 50 பாகைக்கு மேல் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்திருந்தது தெரிந்தது.

இதை மான்களிடம் படம்பிடிக்க முயன்று தோற்றேன். அவற்றின் கண் முழுவதும் கருமையாக இருப்பதால் கண்மணியின் எல்லை புலப்படவில்லை. நான் தேடியது பூங்காவுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளாடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஒரு சுவரொட்டியைப் பசையோடு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. பிறகு கீழே இறங்கி, விழுந்த துண்டைக் குனிந்து பொறுக்கியது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தலை ஏறத்தாழ செங்கோணம் திரும்பியிருந்தது, அந்த மஞ்சள் கண்ணிலிருந்த கறுப்புக் கோடு மட்டும் இரண்டிலும் தரைக்கு இணையாகக் கிடந்தது. நடுவில் கம்பிவலையும் இல்லை.