குடிவரவாளருக்கான மருத்துவ சேவை: நாம் கேட்காமல் விடும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தமது வெறுவயிற்றுச் சீனி 180 என்று கேட்டுப் பழகிய சலரோக நோயாளி ஒருவர், ரொறொன்ரோவுக்கு வந்து முதல் பரிசோதனையில் 10 என்று கேட்டதும், வருத்தம் பெரும்பாலும் மாறிவிட்டதென்று நம்பி மாத்திரையைத் தாமாகவே குறைத்துக்கொள்வது நடக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் இரத்தச் சீனியை ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். கனடாவில் ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள். 180ஐ 18ஆல் வகுத்தால் 10 வரும். இரண்டும் ஒரே அளவுதான். சலரோகம் என்று முடிவுசெய்யப் பயன்படும் 126 என்ற வெறுவயிற்று எல்லை இங்கே 7 ஆகிவிடுகிறது. இதை விளக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தை யார் ஒதுக்குவது என்பது எந்தச் சிகிச்சை நிலையத்தின் நடைமுறைக் கையேட்டிலும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஸ்காபுறோவிலுள்ள சமூக சுகாதார நிலையம் ஒன்றில் சலரோகக் கல்வித் தாதியாகப் பணியாற்றுகிறேன். எங்கள் காத்திருப்பு அறையில் ஒரே காலைப்பொழுதில் தமிழும் கன்ரனீசும் தாரியும் சோமாலியும் அரபும் கேட்கும். பண்பாட்டுக்கு ஏற்ற சேவை என்றால் சுவரில் பத்து மொழிகளில் ‘நல்வரவு’ எழுதிவைப்பதும், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அலங்காரம் செய்வதும் என்று எண்ணும் நிர்வாகங்கள் இன்னும் உண்டு. அவை நல்ல பழக்கங்கள்தாம். நான் இங்கே எழுதுவது, நோயைச் சரியாக அறிவதையும் மருந்தின் அளவைச் சரியாக வைப்பதையும் பற்றி. நோயாளி என்ன சாப்பிடுகிறார், எப்போது வேலைக்குப் போகிறார், யார் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்குகிறார், வீட்டில் வேறென்ன மருந்து குடிக்கிறார் என்பவை தெரியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு, பாதித் தகவலை வைத்து எழுதப்பட்ட சீட்டு.

நியூசிலாந்தில் மாவோரி இனத்தைச் சேர்ந்த தாதியான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்னெடுத்த ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற கருத்தை, அந்நாட்டின் தாதியர் பேரவை 1992இல் தாதியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. சேவை பாதுகாப்பானதாக இருந்ததா என்பதைச் சேவையை வழங்கியவர் அல்ல, பெற்றவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தன் சொந்த மண்ணிலேயே ஓரங்கட்டப்பட்ட ஒரு மக்களுக்காகப் பிறந்த கருத்து அது. ஆயினும் குடிவரவாளரிடையே பணிபுரிவோருக்கும் அது மிக உதவுகிறது. சோமாலியர் இப்படி, சீனர் அப்படி, தமிழர் இப்படி என்று பட்டியல் கொடுத்து மனனம் செய்யவைக்கும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொழும்பில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழ் ஆசிரியைக்கும், வன்னியில் போரின் இறுதி மாதங்களைக் கடந்து வந்த விவசாயிக்கும், காத்தான்குடியிலிருந்து வந்த முஸ்லிம் தாய்க்கும் பொதுவானது தமிழ் மொழி. அதை வைத்து மூவருக்கும் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுத முடியாது.

மொழிபெயர்ப்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பேன். ஆங்கிலம் தெரியாத நோயாளியுடன் வரும் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது இன்றும் மிகச் சாதாரணமாக நடக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தாயின் மாதவிடாய்ப் போக்கைப் பற்றி அறிமுகமில்லாத ஆண் வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது; தாய் அந்த இடத்தில் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார். வளர்ந்த பிள்ளைகள் வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. இன்சுலின் ஏன் தொடங்க வேண்டும், சீனி திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வைத்தியர் ஐந்து நிமிடம் விளக்கியதை, “பயப்பிடாதேங்கோ அம்மா, ஊசி ஒண்டு போடவேணுமாம்” என்று மகன் ஒரே வரியில் முடித்துவிடுவார். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார். ஆனால் நடுக்கமும் வியர்வையும் வரும் அந்த இரவில் அவர் வேலைத்தலத்தில் இருப்பார், தாய் வீட்டில் தனியே இருப்பார்.

இதைவிடக் கடினமான நிலையும் உண்டு. பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் பிள்ளைகள், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், இருபது ஆண்டுகளுக்கு அவர்களின் செலவைப் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் வந்த முதியவர் வீட்டில் புறக்கணிக்கப்பட்டாலோ அடிக்கப்பட்டாலோ, அதை வைத்தியரிடம் சொல்வதற்கான ஒரே குரல் அந்தப் பிள்ளையின் குரலாக இருந்தால் எப்படிச் சொல்வார்? கணவனே மொழிபெயர்க்கும் அறையில் மனைவியிடம் வீட்டு வன்முறை பற்றிக் கேட்பதில் என்ன பயன்? ஒவ்வொரு நோயாளியுடனும் சில நிமிடங்களாவது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருடன் மட்டும் தனியே பேசுவதை நிலையத்தின் பொது வழக்கமாக்கிவிட்டால், எந்தக் குடும்பமும் தம்மை மட்டும் சந்தேகிப்பதாக எண்ணாது. செவிப்புலனற்றோருக்கு மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளர் வழங்கப்பட வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசாதவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாததால், நிலையங்களின் வரவுசெலவுத் திட்டத்தில் மொழிபெயர்ப்புச் செலவு எளிதில் வெட்டப்படும் வரியாகவே நீடிக்கிறது. இது எனக்கு மிகுந்த கவலை தரும் விடயம்.

மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டால் மட்டும் போதாது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் தாரி பேசுபவரா பஷ்தோ பேசுபவரா, சீன முதியவர் கன்ரனீஸ் பேசுபவரா மண்டரின் பேசுபவரா என்று நாட்டின் பெயரை வைத்து ஊகிக்காமல் கேட்க வேண்டும். ஊரும் உறவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிறிய சமூகங்களில், நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் நாளைக்குக் கோயிலிலோ கலியாண வீட்டிலோ எதிர்ப்படுவார் என்ற அச்சம் நியாயமானது. அப்படிப்பட்டவருக்கு வேறு நகரத்திலிருந்து பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளரே ஆறுதல். பேசும்போது வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, இரண்டு இரண்டு வசனங்களாகப் பேச வேண்டும். அச்சிட்ட துண்டுப்பிரசுரமும் எல்லோருக்கும் உதவாது. சோமாலி மொழிக்கு அரச அங்கீகாரம் பெற்ற எழுத்துமுறை 1972இல்தான் வந்தது. பள்ளிக்கூடம் போகும் வாய்ப்புக் கிடைக்காத சோமாலிய மூதாட்டிக்குத் தெளிவான குரல்பதிவு ஒன்று எந்தப் பிரசுரத்தையும் விட மேலானது.

உணவைப் பற்றி நிறையச் சொல்லலாம். சலரோகத்துக்கான உணவுத் தாளில் பாண் துண்டும் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் படமாக இருக்கும். ஒரு துண்டுப் பாணில் உள்ள மாச்சத்து ஏறத்தாழ 15 கிராம். சமைத்த சோற்றில் மூன்றிலொரு கோப்பையில் அதே அளவு இருக்கிறது. இதை ஏட்டில் படித்தால் யாருக்கும் உறைப்பதில்லை. ஆகவே நோயாளிகளை வீட்டில் சோறு போடும் அகப்பையையும் தாம் சாப்பிடும் கோப்பையையும் கொண்டுவரச் சொல்கிறோம். வழக்கமாகப் போடும் அளவை அவர்களே போட்டு, பிறகு அளவுக்கோப்பையால் அளந்து பார்க்கும்போது, மதியச் சோறு மூன்று கோப்பை என்றால் அது ஒன்பது துண்டுப் பாணுக்குச் சமம் என்பது கண்முன்னே தெரிகிறது. “ஒன்பது துண்டுப் பாண் நான் ஒருநாளும் சாப்பிடமாட்டனே” என்று சொல்லும் அந்த நேரத்தில்தான் உண்மையான உரையாடல் தொடங்குகிறது. சோற்றை நிறுத்துங்கள் என்று சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார். சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பருப்பும் மீனும் கூட்டி, பிட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து ஒரு மரக்கறியைச் சேர்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், சமைக்கிறவர் வந்து உட்கார்ந்து கேட்பார். வீட்டில் சமைப்பவர் யார் என்று கேட்டு அவரையும் அழைப்பது, நோயாளிக்கு மட்டும் ஆலோசனை சொல்வதைவிடப் பல மடங்கு பலன் தருகிறது. எடையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உடற்பருமன் குறியீடு 25க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்ற பொதுவழக்கு தென்னாசியருக்குப் பொருந்தாது. ஆசிய மக்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சுட்டிக்காட்டியது.

விரதமும் நோன்பும் பெரும்பாலும் வைத்தியரின் காதுக்கு வருவதேயில்லை. ரமழான் கோடையில் வரும் ஆண்டுகளில் ரொறொன்ரோவில் நோன்பு ஏறத்தாழ 17 மணித்தியாலம் நீளும். இன்சுலினோ, சீனியைத் திடீரென்று இறக்கக்கூடிய சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வழக்கமான நேரத்தில் அதே அளவை எடுத்துக்கொண்டு நோன்பிருந்தால் ஆபத்து. சர்வதேச சலரோகச் சம்மேளனம் பங்கெடுத்து வெளியிட்ட ரமழான் வழிகாட்டிகள், நோன்பு தொடங்க ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நோயாளியைச் சந்தித்து மருந்தை மாற்றியமைக்கச் சொல்கின்றன. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், சீனி கனடிய அளவில் 3.9க்குக் கீழே போனாலோ 16.6க்கு மேலே போனாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்கின்றன. பள்ளிவாசல் இமாம் இதைச் சொல்லும்போது மக்கள் கேட்கிறார்கள். சைவர்களிடையே கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடோ பால் பழத்தோடோ மட்டும் இருப்பவர்கள் உண்டு; அந்த வாரத்தில் அவர்கள் மாத்திரையை என்ன செய்கிறார்கள் என்று கேட்க, நவராத்திரி முடிந்தவுடனேயே நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். “விரதம் பிடிக்காதேங்கோ” என்ற கட்டளை உண்மையை மறைக்கவே கற்பிக்கிறது.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த மாத்திரையும் இங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையும் வேறுவேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்தாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருப்பார். கூடவே பாகற்காய்த் தூளும், பெயர் எழுதாத சூரணமும் இருக்கும். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிப் பரிசோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் கண்டறியப்பட்டது. ஆகவே கேட்டறிவது கட்டாயம். ஆனால் அதட்டினால் அடுத்த முறை அந்தப் போத்தல் பைக்குள் வராது. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களில் வகுத்துத் தந்த கேள்விகளை நான் இங்கேதான் பயன்படுத்துகிறேன்: இந்த வருத்தம் எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் வந்தது, இதில் உங்களுக்கு எது பெரிய பயம், எந்தச் சிகிச்சை வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? மகனின் பிரிவுக்குப் பிறகுதான் சீனி வந்தது என்று நம்புபவரிடம், முதலில் அந்த மகனைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பிள்ளை பெற்ற தாய்க்குக் கட்டிலருகே ஐஸ் தண்ணீர் வைப்பது இங்கே இயல்பு. தமிழ்த் தாய்மாரிலும் சீனத் தாய்மாரிலும் பலர் அதைத் தொடமாட்டார்கள். தாகத்தோடு கிடப்பார்கள், கேட்கவும் மாட்டார்கள். சுடுதண்ணீர் வேண்டுமா என்ற ஒரு கேள்வி போதும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்பதையும், மாற்று மருந்து உண்டா என்பதையும் ஊசி போடுமுன் சொல்வது, முஸ்லிம்களுக்கும் சைவ உணவினருக்கும் செய்ய வேண்டிய கடமை.

போரையும் தடுப்புக்காவலையும் கடந்து வந்தவர்களிடம் இன்னும் நிதானம் தேவை. மின்சாரத்தால் வதைக்கப்பட்ட ஒருவருக்கு, இதயத் துடிப்பைப் பதிய நெஞ்சில் ஒட்டும் கம்பிகள் என்னவாகத் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். கருவியை முதலில் கையில் கொடுத்துக் காட்டி, கதவைத் திறந்து வைத்து, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால், பெரும்பாலானோர் ஒத்துழைக்கிறார்கள். என்ன நடந்தது என்று எல்லோரையும் துருவித் துருவிக் கேட்பது தவறு. குடிவரவாளர், அகதிகள் ஆகியோருக்காகக் கனடாவில் 2011இல் வெளியான மருத்துவ வழிகாட்டியும், வன்கொடுமை அனுபவங்களை வழமையான கேள்வியாகக் கேட்க வேண்டாம் என்றே சொல்கிறது. நித்திரையின்மை, காரணம் பிடிபடாத உடல் உளைவு, அன்றாட வேலைகள் தடைப்படுவது போன்றவற்றைக் கவனித்து, அவர் தாமே பேச முன்வரும்போது கேட்க ஆயத்தமாக இருப்பதே நல்லது.

பண்பாட்டின் மேல் பழி போடக்கூடாத இடங்களும் உண்டு. 2020 கோடையில் ரொறொன்ரோ பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட தரவுகளின்படி, கோவிட் தொற்றியோரில் இனத் தகவல் கிடைத்தவர்களில் 83 சதவீதத்தினர் வெள்ளையர் அல்லாத சமூகத்தினர். நகர மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 52 சதவீதம். தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் களஞ்சியத்திலும் வேலை செய்தவர்கள், நெரிசலான பேருந்தில் போய், நெரிசலான வீட்டுக்குத் திரும்பியவர்கள் அவர்கள். அகதிகளுக்கான கூட்டாட்சி அரசின் மருத்துவக் காப்பீட்டை 2012இல் வெட்டியபோது, கர்ப்பிணிகளும் சலரோகிகளும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது பணமில்லாமல்தான். 2014இல் நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடூரமானது என்று கண்டித்தது, 2016இல் காப்பீடு முழுமையாகத் திரும்பியது. பிள்ளைகளிடம் வந்து நீண்டகாலம் தங்கிச் செல்ல அனுமதிக்கும் சூப்பர் விசாவில் வரும் பாட்டன் பாட்டியர் தனியார் காப்புறுதியையே நம்பியிருக்கிறார்கள். ஏற்கெனவே இருந்த வருத்தத்துக்கு அது பணம் தருமா என்ற பயத்தில் நெஞ்சுவலியைக்கூட மறைக்கிறார்கள். இவர்களை ‘ஒத்துழைக்காத நோயாளிகள்’ என்று கோப்பில் எழுதுவது அநியாயம். சந்திப்புக்கு வராதவர் இரவு வேலை முடித்து உறங்கியிருக்கலாம். மாலை ஏழு மணிச் சந்திப்பு ஒன்று இருந்திருந்தால் வந்திருப்பார்.

இதை வாசிக்கும் நோயாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சந்திப்புக்குப் பதியும்போதே எந்த மொழி வேண்டும், மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா, நேரிலா தொலைபேசியிலா என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்பது தொந்தரவு கொடுப்பது ஆகாது. ஒன்ராறியோவில் எந்நேரமும் 811ஐ அழைத்துத் தாதியுடன் பேசலாம், மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். அம்மாவுடன் கட்டாயம் போங்கள், பக்கத்தில் இருங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். சக தாதியருக்கும் வைத்தியருக்கும் என் வேண்டுகோள், மொழிபெயர்ப்புடன் நடக்கும் சந்திப்புக்கு இரட்டை நேரம் ஒதுக்குங்கள் என்பதும், நிபுணருக்கு அனுப்பும் கடிதத்தின் முதல் வரியிலேயே ‘தமிழ், பெண் மொழிபெயர்ப்பாளர், மாலை நேரம்’ என்று எழுதிவிடுங்கள் என்பதும்தான். அந்த வரி இல்லாமல் போகும் கடிதங்கள், பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு, மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் சந்திப்பு ஒத்திவைக்கப்பட்டது என்ற பதிலோடு எங்கள் மேசைக்கே திரும்பி வருகின்றன.