உயரம் குறைந்தால் கோணம் மாறும்: ஓசூர் நித்யஸ்ரீ ஆடும் ஆட்டத்தின் இயற்பியல்

2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டனில் ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்ற கணக்கில் வென்று வெண்கலம் பெற்றார். அவர் ஆடியது எஸ்.எச்.6 பிரிவு, அதாவது உயரம் குன்றியோருக்கான பிரிவு. இந்தப் பிரிவின் பெண்கள் ஒற்றையர் ஆட்டம் பாராலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் ஒற்றையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்றிலும் அவர் வெண்கலம் வென்றிருந்தார். 2024-க்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

பதக்கச் செய்திகளை நாம் படித்துவிட்டோம். அந்த ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது என்பதை யாரும் விளக்கி எழுதி நான் பார்க்கவில்லை. எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் கணக்கே வேறு.

பாரா பேட்மின்டனில் ஆறு பிரிவுகள்: சக்கர நாற்காலிக்கு இரண்டு, கால் குறைபாட்டுக்கு இரண்டு, கை குறைபாட்டுக்கு ஒன்று, உயரக் குறைவுக்கு ஒன்று. சக்கர நாற்காலிப் பிரிவுகளில் ஒற்றையருக்குப் பாதி கோர்ட்தான். எஸ்.எச்.6-இல் அந்தச் சலுகை கிடையாது. முழுக் கோர்ட்; நம் ஊர் உள்ளரங்குகளில் கட்டியிருக்கும் அதே வலை, நடுவில் 1.524 மீட்டர் உயரம்.

இனி ஸ்மாஷுக்கு, அதாவது தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் அடிக்கு வருவோம். 1.75 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கையை நீட்டி அடித்தால் ராக்கெட் ஷட்டிலைத் தொடும் இடம் சுமார் 2.7 மீட்டர். வலைக்கு 4 மீட்டர் பின்னால் நின்று, வலையை உரசியபடி நேர்கோட்டில் அடித்தால் ஷட்டில் எதிர்ப்பக்கம் 5.2 மீட்டரில் தரையைத் தொடும். அரைக் கோர்ட்டின் நீளம் 6.7 மீட்டர், ஆக அது உள்ளேதான். இப்போது 1.3 மீட்டர் உயரமுள்ள வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். அவர் ஷட்டிலைத் தொடும் உயரம் சுமார் 2 மீட்டர் என்று வையுங்கள். அதே இடத்திலிருந்து அதே நேர்கோடு 12.8 மீட்டரில் போய் முடியும். கோர்ட்டுக்கு வெகு வெளியே. வலைக்கு 2 மீட்டர் அருகில் வந்தால்தான் 6.4 மீட்டரில் உள்ளே விழும். எதிராளியைவிட எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பின்கோட்டிலிருந்து நேராக ஒரு அடி அடித்துப் புள்ளி எடுக்க வடிவியல் விடாது.

அங்கே கைகொடுப்பது ஷட்டிலின் இறகு. 5 கிராம் எடையும் பாவாடை போல விரிந்த 16 இறகும் சேர்ந்து காற்றில் பெரும் தடையை உண்டாக்குகின்றன. உயரத்திலிருந்து விழவிட்டால் ஷட்டில் நொடிக்கு 6.8 மீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. இந்த எண்ணிலிருந்தே மற்றதையும் கணக்கிடலாம்: பறக்கும் ஷட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு 3.25 மீட்டருக்கும் தன் வேகத்தில் பாதியை இழக்கிறது. பின்கோட்டிலிருந்து வலைக்கு வருவதற்குள் கால் பங்கு வேகம்தான் மிச்சம். ஆகவே பின்னாலிருந்து அளவாக அடித்தால் ஷட்டில் வலையைத் தாண்டியதும் வளைந்து இறங்கும். எஸ்.எச்.6-இல் எவ்வளவு ஓங்கி அடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு அளந்து அடிக்கிறோம் என்பதற்குத்தான் மதிப்பு.

இன்னொரு பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. எதிராளியும் 2 மீட்டருக்கு மேல் எட்ட முடியாதவர்தானே? பொதுப் பிரிவில் கிளியர், அதாவது ஷட்டிலை எதிராளியின் தலைக்கு மேலாகப் பின்கோட்டுக்கு அனுப்பும் அடி, அடிக்கும்போது எதிராளி இடைமறிக்காமல் இருக்க 3 மீட்டருக்கு மேல் தூக்கி அனுப்ப வேண்டும். இங்கே 2.3 மீட்டர் உயரத்தில் தட்டையாக அனுப்பினாலே தலைக்கு மேலே கடந்துவிடும். வளைவு தாழ்ந்தால் காற்றில் இருக்கும் நேரமும் குறையும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தற்காப்பு அடியாக இருக்கும் கிளியர், இந்தப் பிரிவில் தாக்கும் அடியாக மாறிவிடுகிறது.

அதைத் துரத்திப் பிடிப்பவரின் பாட்டைப் பாருங்கள். ஒற்றையர் கோர்ட்டின் நடுவிலிருந்து மூலைக்கு 4.2 மீட்டர். கால் ஒரு ஊசல். அது ஆடும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கால் நீளம் பத்தில் ஆறு பங்கானால் அடிகள் 1.3 மடங்கு வேகமாக விழும், ஆனால் ஒவ்வோர் அடியும் பத்தில் ஆறு பங்கு தூரமே போகும். மொத்தத்தில் இயல்பான வேகம் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதியைத் தசைவலுவாலும், எதிராளியின் தோளையும் மட்டையையும் பார்த்து முன்கூட்டியே கிளம்புவதாலும்தான் ஈடுகட்ட வேண்டும். கை நீளம் குறைவதால் வரும் இழப்பு அவ்வளவு பெரிதல்ல. ராக்கெட்டின் வேகத்தில் பெரும்பகுதி முன்கையும் தோளும் சுழல்வதிலிருந்து வருகிறது.

உயரம் குன்றுவதற்குக் காரணங்கள் பல. பரவலாகக் காணப்படுவது அகோண்ட்ரோபிளேசியா. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு எலும்பு முனைகளின் குருத்தெலும்பு வளர்ச்சிக்கு பிரேக் போன்றது. அதன் மரபுக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் பிரேக் அழுத்தியபடியே நின்றுவிடும். கை கால் எலும்புகள் நீளாது, உடற்பகுதி ஏறக்குறைய இயல்பாக வளரும். இப்படிப் பிறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரத்தினரே. மாற்றம் புதிதாக நிகழ்கிறது. கிரகண காலத்தில் தாய் வெளியே போனார், குலத்தில் குறை என்று இன்னும் காதில் விழும் பேச்சுகளுக்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்தப் பழியைச் சுமக்கும் தாய்மார்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நம் மாவட்டங்களின் காற்று. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேடேறி ஓசூர் போனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டரில் நிற்போம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட சுமார் 8 சதவீதம் குறைவு, தடையும் அதே அளவு குறையும், ஷட்டில் கூடுதல் தூரம் போகும். தருமபுரி இதில் பாதி உயரம்தான். ஆனால் சூடான காற்றும் அடர்த்தி குறைந்ததே என்பதால், தருமபுரியின் சித்திரை மதியத்தில் ஷட்டில் ஓசூரின் குளிர்ந்த காலையில் போவதைப் போலவே போகக்கூடும். இதற்காகத்தான் ஷட்டில் டப்பாவில் 75, 76, 77 என்று வேக எண் போட்டிருக்கிறார்கள். மேட்டுநிலத்துக்கும் வெயிலுக்கும் சிறிய எண். சோதிக்கும் முறை எளிது: பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழுவேகத்தில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும்.

உங்கள் பள்ளியில் உயரம் குன்றிய பிள்ளை ஆட வந்தால், உடற்கல்வி ஆசிரியர்களே, இரக்கப்பட்டு வலையை இறக்கிக் கட்டாதீர்கள். போட்டியில் வலை இறங்காது. எடை குறைந்த, பிடி மெல்லிய ராக்கெட் கொடுங்கள். 68 சென்டிமீட்டர் ராக்கெட் அந்தப் பிள்ளையின் உயரத்தில் பாதி, பழக நாளாகும். ஸ்மாஷைத் தள்ளிவைத்து, முதலில் அந்தத் தாழ்ந்த கிளியரைக் கற்றுக்கொடுங்கள்.