பழைய பேஸ்பால் மட்டையின் முத்திரை சொல்வது என்ன?

அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய பேஸ்பால் மட்டையின் நடுப்பகுதியில், காய்ச்சிய உலோக அச்சால் சூடுபோட்டுப் பதித்த முத்திரை ஒன்று கருமையாகத் தெரியும். அதைக் கடையின் விளம்பரம் என்று கருதுவது பாதி மட்டுமே சரி. அது மட்டையின் எந்தப் பக்கத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மரத்தின் இயல்பே காரணம்.

முதலில் கடையைப் பார்ப்போம். புகழ்பெற்ற பந்துவீச்சாளரான ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1876இல் தம் சகோதரர் வால்ட்டருடன் சேர்ந்து சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றைத் தொடங்கினார். ஆடுகளத்தில் சம்பாதித்த பெயரே அங்கு முதலீடாயிற்று. மரக்கடைசல் பட்டறைகளில் மட்டைகளைச் செய்வித்துத் தங்கள் பெயரைப் பதித்து விற்ற கடைகளும் அக்காலத்தில் இருந்ததால், முத்திரையிலுள்ள பெயரை வைத்து மட்டும் செய்தவர் யார் என்று முடிவுகட்ட இயலாது. ஆயினும் காலத்தைக் கணிக்க அது உதவும். மட்டைகள் செய்த லூயிவில் நகரத்து ஹில்லெரிச் பட்டறையில், சிம்மன்ஸ் என்னும் இரும்புச் சாமான் வணிக நிறுவனத்தின் விற்பனையாளராக இருந்த ஃபிராங்க் பிராட்ஸ்பி 1911இல் சேர்ந்தார். 1916இல் நிறுவனத்தின் பெயரிலும் அவர் பெயர் இடம்பெற்றது. எனவே ‘ஹில்லெரிச் அண்டு பிராட்ஸ்பி’ என்ற முத்திரையுள்ள மட்டை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இனி மரம். அக்கால மட்டைகளில் பல ஹிக்கரி என்னும் மரத்தில் செய்யப்பட்டவை. அது உறுதியானது, ஆனால் கனமானது. எடை குறைந்த ஆஷ் மரம் நாளடைவில் அதன் இடத்தைப் பிடித்தது. ஆஷ் மரத்தில் வசந்தகால வளர்ச்சி பெரிய நுண்துளைகளுடன் மென்மையாகவும், கோடைகால வளர்ச்சி அடர்ந்தும் அமைவதால், ஒவ்வோர் ஆண்டு வளையமும் ஒரு மென்படலமும் ஒரு வன்படலமுமாக இருக்கும். மட்டையைக் கையில் வைத்துச் சுழற்றினால், ஒரு பக்கத்தில் ரேகைகள் அகன்று வளைந்தும், அதிலிருந்து கால் சுற்றுத் தள்ளி நெருக்கமான நேர்கோடுகளாகவும் தெரியும். முத்திரை இருப்பது அகன்ற ரேகைப் பக்கத்தில்.

பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. அதற்குள் பந்து நசுங்கித் திரும்புவதால் எழும் விசை மிகப் பெரியது. அந்த அடி அகன்ற பக்கத்தில் தொடர்ந்து விழுந்தால், மென்படலங்கள் நசுங்கி, வன்படலங்கள் செதில் செதிலாக உரியத் தொடங்கும். நேர்கோட்டுப் பக்கத்தில் விழும்போதோ, அடுக்கி நிறுத்திய புத்தகத் தாள்களின் விளிம்பைப் போல எல்லாப் படலங்களும் சேர்ந்து தாங்குகின்றன. இதனாலேயே முத்திரை வானத்தைப் பார்க்குமாறு மட்டையைப் பிடிக்கும்படி சிறுவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. விற்பவர் பெயர் மேலே நன்கு தெரிந்தது கடைக்குக் கிடைத்த இலாபம்.

மேப்பிள் மரத்தில் நுண்துளைகள் வளையம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதால் இந்தக் கணக்கு மாறுகிறது. 2008இல் மேப்பிள் மட்டைகள் அடிக்கடி பிளந்து சிதறியதை ஆராய்ந்த பின், அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால் போட்டிகளை நடத்தும் முதன்மை லீக்குகள் அம்மட்டைகளில் முத்திரையைக் கால் சுற்று நகர்த்தச் செய்தன. மரநார் சாய்ந்து ஓடினால் மட்டை எளிதில் பிளக்கும். மேப்பிளில் அந்தச் சாய்வு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே கைப்பிடியில் ஒரு துளி மை இடப்படுகிறது. மை நார்வழியே கசிந்து காட்டும் சாய்வு 3 பாகைக்கு மேல் இருந்தால் அந்த மட்டை ஆட்டத்துக்கு ஏற்கப்படுவதில்லை.