குழந்தையின்மைக்குச் சிகிச்சை: ஏழை நாடுகளில் என்ன உரிமை இருக்கிறது?

குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது அல்லது நிறுத்துவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டது அதைவிட அகலமானது. எத்தனை பிள்ளை, எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதைத் தம்பதியரே முடிவு செய்யலாம். அந்த மாநாட்டின் செயல்திட்டம் ஆரம்ப சுகாதாரச் சேவைகளில் குழந்தையின்மைத் தடுப்பையும் சிகிச்சையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. இது சட்டமல்ல, ஒவ்வொரு அரசும் தன் திட்டத்தில் சேர்த்தால்தான் மக்கள் கைக்கு வரும்.

கருத்தடை இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தையின்மை என்கிறது, நோயாகவே வகைப்படுத்துகிறது. அதன் 2023 அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் 17.8 சதவீதம் பேரும் மற்ற நாடுகளில் 16.5 சதவீதம் பேரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார்கள். வேதனை எங்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் சில இடங்களில் ஒரே ஒரு முறை ஐ.வி.எஃப். (கருமுட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்துகொள்ள, ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானத்தைப்போல் இரு மடங்கு செலவாகிறது.

அதற்காக எல்லோருக்கும் ஐ.வி.எஃப். தேவை என்று எண்ண வேண்டாம். முதலில் செய்யவேண்டிய விந்துப் பரிசோதனைக்கு ஒரு சிறு குப்பியும் நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் போதும். அதைச் செய்யாமலே பெண்ணை மட்டும் வருடக்கணக்கில் அலையவிடுவது மிகப் பெரிய அநியாயம். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. கருமுட்டை வெளிவராதவர்களுக்குத் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே உள்ளது. பால்வினைத் தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய கிருமித்தொற்று ஆகியவற்றை நேரத்தோடு கவனித்தால் கருக்குழாய் அடைப்பைப் பெருமளவு தடுக்கலாம்.

கருக்குழாய் அடைத்தே போனவர்களுக்கு ஐ.வி.எஃப். வேண்டியிருக்கும். அதையும் மலிவாக்க முடியும். பெல்ஜியத்தின் கெங்க் நகரில் ஒரு குழு, ஆய்வகத்தில் கருவை வளர்க்கும் விலையுயர்ந்த இன்குபேட்டர் பெட்டிக்குப் பதில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை இணைத்தது. ஒன்றில் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலந்து கரியமில வாயுவை உண்டாக்கும். அந்த வாயு மற்ற குழாய்க்குள் போய், அங்கே கரு வளர ஏற்ற சூழலைத் தரும். அப்படி வளர்ந்த கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கின்றன.

2025 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மைக்கென்றே தன் முதல் வழிகாட்டுதலை 40 பரிந்துரைகளோடு வெளியிட்டது. தேசிய சுகாதாரத் திட்டத்திலும் காப்பீட்டிலும் இதைச் சேர்க்கும்படி அரசுகளை அது கேட்டிருக்கிறது.

ஒரு வருடம் காத்திருந்தும் கரு தங்காதவர்கள், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். இருவருக்கும் பரிசோதனை கேளுங்கள். எந்தச் செலவை அரசோ காப்பீடோ ஏற்கும் என்பதை முதல் நாளே விசாரியுங்கள். முடிவுகளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டால், இன்னொரு இடத்துக்கு அனுப்பும்போது அதே பரிசோதனைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது.