வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் "வேர்க்கடலை செடியில் எந்தப் பாகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "வேர்" என்பார்கள். பேரே அப்படித்தானே இருக்கிறது! வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, கணியம்பாடி ஊர்ப் பக்கம் கொல்லையில் கடலை பிடுங்கிப் பழகிய பிள்ளைகூட அதையே சொல்லும். மண்ணுக்குள் இருப்பது வேர், மேலே நிற்பது தண்டு என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்ததன் விளைவு இது. ஒரு பாகம் எங்கே கிடக்கிறது என்பதை விட, எங்கிருந்து கிளம்பியது, என்ன வேலை செய்கிறது என்று பார்க்கப் பழக்க வேண்டும். அதற்கு வேலூர் மண்ணில் வேர்க்கடலையைப் போலத் தோதான செடி வேறில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் விதைத்துவிடலாம். மானாவாரிக் கடலைக்கும் இங்கே ஆனி, ஆடிதான் பட்டம். கொத்து ரகம் ஏறத்தாழ 105 நாளில் முற்றும். காலாண்டுத் தேர்வு முடியும்போது பிடுங்கலாம். கொடி ரகம் வேண்டாம், நாளும் அதிகம், இடமும் அதிகம்.

25 கிலோ அரிசிச் சாக்கைப் பாதியளவு மடித்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். அடியில் நான்கைந்து ஓட்டை. களிமண் கலந்தால் காரியம் கெட்டது: மேல்மண் இறுகிவிடும், பூவிலிருந்து கிளம்பும் விழுது இறங்காது, பிடுங்கும்போது காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும். ஐந்து சாக்கு, சாக்குக்கு இரண்டு செடி இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும். இடையிடையே பிடுங்கிப் பார்க்கத்தான் இத்தனை.

விதைக்குத் தோலோடு இருக்கும் கடலையை வாங்கி அன்றைக்கே உடைக்க வேண்டும். உடைத்து வைத்த பருப்புக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். வறுத்ததில் இரண்டைத் தனியாக ஊன்றி வையுங்கள். அது ஏன் முளைக்கவில்லை என்பதே ஒரு பாடம். விதைப் பருப்பு ஆறு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் அழுகும். ஊறியதில் ஒன்றைச் சிவப்புத் தோல் நீக்கி இரண்டாகப் பிளந்தால், நுனியில் அரிசிக் குருணை அளவில் ஒரு கூர்மை தெரியும். கூர்முனை முளைவேர், மடிப்பாக இருப்பது குருத்து. நாம் தின்னும் இரண்டு பாதிகளும் விதையிலைகள், குட்டிச் செடிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. நான்கைந்து செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் வெளியே வரும். பத்தாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அந்தச் சோறு கரையத் தொடங்கியிருக்கும்.

இலையில் ஒரு சிக்கல் வரும். பிள்ளைகள் "நாலு இலை" என்று எழுதுவார்கள். காம்பின் அடியைக் காட்டுங்கள்: தண்டோடு சேரும் கக்கத்தில்தான் மொட்டு இருக்கும், அந்த நான்கின் அடியில் எதுவும் இருக்காது. ஆகவே அது ஒரே இலை, நான்கு சிற்றிலை. இரவில் அவை ஜோடி ஜோடியாகக் கூப்பிக்கொள்வதை வீட்டில் பார்த்து வரச் சொல்லலாம்.

முப்பதாம் நாள் அடுத்த செடியைப் பிடுங்குங்கள். ஆணிவேரிலும் பக்கவேர்களிலும் கடுகு போல முடிச்சுகள் இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். முடிச்சே இல்லையென்றால் மண்ணில் அந்த நுண்ணுயிர் இல்லை, அல்லது யூரியா போட்டிருப்பீர்கள். விதைக்கும்போதே கடலைக் கொல்லை மண் ஒரு கைப்பிடி கலந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதே சமயத்தில் பூவும் வரும். மஞ்சள் பூ, விடியலில் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். எட்டு மணிக்குள் காட்டிவிட வேண்டும். பூக்காம்பு போல நீண்டிருப்பது காம்பே அல்ல, குழாய். சூலகம் அதன் அடியில், இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கருவுற்றதும் சூலகத்தின் அடிப்பாகம் நீண்டு ஊசி போல மண்ணைப் பார்த்து வளரும். கடலைக்காரர்கள் 'விழுது' என்பது இதைத்தான். கூர்நுனியில் வருங்காலப் பருப்புகளைச் சுமந்துகொண்டு அது மண்ணுக்குள் நுழைந்த பிறகே, படுக்கைவாட்டில் திரும்பிப் பருக்கும். ஒரு விழுதுக்கு மட்டும் அடியில் தகரமூடி வைத்துத் தடுத்துப் பாருங்கள், வெளிச்சத்திலேயே நின்று காய்ந்துபோகும். உயரத்தில் பூத்தவற்றின் விழுதுக்கு மண் எட்டாது. அதனால்தான் 40, 45 நாளில் மண் அணைக்கிறோம். அதற்குப் பிறகு களைக்கொத்து உள்ளே போகக் கூடாது.

மண் அணைக்கும்போது சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் போடுவது வழக்கம். ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 40 கிராம். சாக்குக்கு ஒரு தேக்கரண்டி ஆகும். வேர் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுகிறதே, பிறகு ஏன்? வேர் எடுத்த தண்ணீரை மேலே இழுப்பது இலை. இலைத்துளைகளில் நீர் ஆவியாக ஆக, தண்டின் குழாய்களில் அடுத்த நீர் ஏறும். சுண்ணாம்புச் சத்து அந்த ஓட்டத்தோடு போய் இலையில் இறங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை, ஓட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எனவே காய் தன் ஓட்டின் வழியே சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் பருப்பில்லாத பொக்குதான். 'வேர் உறிஞ்சும், தண்டு கடத்தும்' என்ற இரண்டு வரிகளுக்கும் இப்போதுதான் உயிர் வருகிறது.

அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கக் காசித்தும்பை போதும். ஒரே உயரத்தில் இரண்டு தண்டுகளைத் தண்ணீருக்குள் வைத்தே அறுத்து, நீர் கலந்த சிவப்பு மையில் நிறுத்துங்கள். ஒன்றின் இலைகளை முழுவதும் கிள்ளிவிடுங்கள். இலையுள்ளதில் சிவப்புக் கோடு முந்தி ஏறும். வெளியே வைத்து அறுத்தால் குழாய்க்குள் காற்று புகுந்து சாயம் நின்றுவிடும்.

அறுவடைக்கு முன் ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் பொறுத்திருக்கலாம். பழுப்பு ஏறியிருந்தால் முற்றிவிட்டது. மண்ணை லேசாக நனைத்துப் பிடுங்கி, கழுவி, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காயைப் பிடித்து அதன் காம்பு வழியே விரலை மேலே ஓட்டட்டும். விரல் இலைக்கக்கத்தில் போய் நிற்கும். பிறகு உருளைக்கிழங்கைக் கொடுத்து அதன் 'கண்' என்ன என்று கேளுங்கள். கக்கத்து மொட்டு பார்த்த பிள்ளைகள் கண்தான் மொட்டு, கிழங்கு தண்டு என்று சொல்லிவிடுவார்கள். கண் இல்லாத கேரட்டை வேர்ப் பக்கம் ஒதுக்குவார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரி கிடைத்தால் தலைப்பாகையில் முள் குத்தும் பச்சை இதழ்களையும் கேட்கலாம். பூவைத் தாங்கிய புல்லிவட்டம் அது, காய்த்த பிறகும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நல்ல காயாக இருபதை நிழலில் உலர்த்தி, தோலோடே துணிப்பையில் கட்டி வையுங்கள். அடுத்த ஜூனுக்கு விதை ஆச்சு.