பாக்கி தீராமல் வெளியே வரக் கூடாதா?

கொத்தடிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். ஈரோடு, நாமக்கல், திருப்பூர் மாவட்டங்களில் யாரை மீட்கப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: “ஏனுங்க வக்கீலம்மா, கை நீட்டி வாங்குன காசைக் கட்டாம எப்படிங்க வர்றது?” அடி, வசவு, பிடுங்கி வைத்த ஆதார் அட்டை எல்லாம் அதற்கப்புறம்தான் பேச்சில் வரும். ஏழையின் நாணயத்தையே கயிறாகத் திரித்து அவர்களைக் கட்டிப்போடுகிறார்கள்.

ஆள் கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப்போவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வரலாற்றில் பலவந்தமும் நடந்தது. 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களைப் பிணைத்து அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றினார்கள். பிரிட்டன் 1807இல் அந்த வணிகத்தைத் தடை செய்தது. 1833இல் தன் குடியேற்றங்களில் பெரும்பாலானவற்றில் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் போட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1834 முதல் மொரீஷியசுக்கு நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள்.

இலங்கைக் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் அதோடு சேர்ந்து கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டு ‘துண்டு’. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் புதுத் தோட்டம் துண்டுக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள்.

நம் குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் அது ‘பாக்கி’. தறி ஓட்டுகிறவர் பட்டறை மாறினால் புது ஓனர் பழைய பாக்கியைக் கட்டுவார். கடன் ஆளோடு கூடவே போகும். முன்பணம் வாங்கிய எல்லோரும் கொத்தடிமை என்று சொல்ல மாட்டேன். பேரம் பேசி வாங்குகிற தறிக்காரர்களும் உண்டு. கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுக்கும்போதுதான் அது கொத்தடிமை முறை ஆகிறது.

நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ இதையே தலைகீழாகச் செய்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் பலருக்குக் கையை விரித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கூலி அது! இப்போது அதே மாதிரி விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. அவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

அந்த முதல் கேள்விக்கு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அடியோடு ரத்து. ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கட்ட வேண்டாம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் 23ஆம் பிரிவில் தடை செய்த கட்டாய உழைப்பு என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது.

1976 சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு, அபராதம் 2,000 ரூபாய். ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் பிடித்து வந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) ஆள் கடத்தலுக்கான 143ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் குறைந்தபட்சமே 7 ஆண்டு, 18 வயதுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டு. “அவங்களா சம்மதிச்சுத்தானுங்க வந்தாங்க” என்ற வாதம் அங்கே செல்லாது.

மனுவைக் கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். குழந்தைகள் என்றால் 1098, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மீட்டதும் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் ஏறாதீர்கள். மறுவாழ்வுத் தொகைக்கு முதலில் கேட்பது அதைத்தான்.