‘தற்காலிக கிரீன் கார்டு’ என்று ஒன்று கிடையாது

அமெரிக்கக் குடிமக்களை மணந்து அங்கே குடியேறுகிறவர்களுக்கு முதலில் வருவது பெரும்பாலும் இரண்டாண்டு அட்டை. அதை நம் செய்தித்தாள்களும் யூடியூப் ஆலோசகர்களும் ‘தற்காலிக கிரீன் கார்டு’ என்றே சொல்லிவருகிறார்கள். சட்டத்தில் இருப்பது நிபந்தனைக்குட்பட்ட நிரந்தர வதிவுரிமை, அதாவது ‘கண்டிஷனல் பெர்மனென்ட் ரெசிடென்ஸ்’; வதிவுரிமை என்றால் அந்நாட்டில் வாழும் உரிமை. நிரந்தரம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தற்காலிகத்தைச் செருகினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘கண்டிஷன்’ லத்தீன் வழி வந்தது. கூடிப் பேசி ஒப்புக்கொண்டது என்பது மூலப்பொருள். நிபந்தனை வடமொழிச் சொல், கட்டுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் செலவுக்கு ஏற்பாடு செய்த ‘நிவந்தம்’ இதற்கு உறவு. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இதற்குக் ‘கட்டுப்பாடு’ என்று போடுகிறார்கள். பொருந்தாது. இதைச் செய்யாதே என்பது கட்டுப்பாடு; இது நிறைவேறினால்தான் அது நிலைக்கும் என்பது நிபந்தனை. ‘கட்டுப்பாட்டு வதிவுரிமை’ என்றால் வேலைக்குப் போகக் கூடாது போலிருக்கிறதே என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் வேலை, பயணம், பின்னாளில் குடியுரிமைக்குக் கணக்கில் சேரும் காலம் எல்லாமே நிபந்தனையில்லாத பத்தாண்டு அட்டைக்காரருக்கு உள்ளபடியே இவருக்கும் உண்டு.

‘தற்காலிக’ செய்யும் கேடு இதைவிடப் பெரிது. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் வந்த சட்டத்தின்படி, வதிவுரிமை கிடைக்கும் நாளன்று திருமணத்துக்கு இரண்டாண்டு நிறையாவிட்டால் நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். விண்ணப்பித்த நாள் கணக்கில் இல்லை. விசாவில் நிபந்தனையுள்ள துணைவரைக் குறிக்கும் ‘சிஆர்1’ என்று இருந்து, அமெரிக்காவில் இறங்குவதற்குள் இரண்டாண்டு நிறைந்துவிட்டால், விமான நிலைய அதிகாரியிடம் சொல்லி நிபந்தனையில்லாத ‘ஐஆர்1’ என மாற்றிக்கொள்ள வேண்டும். பத்தாண்டு அட்டை வரும். இந்த நுணுக்கமெல்லாம் ‘தற்காலிக’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகிறது.

தற்காலிகமானது முடிந்தால் புதுப்பிக்கத்தானே தோன்றும்? பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பத்தாண்டு அட்டையைப் புதுப்பிக்க உள்ள ஐ-90 படிவத்தைப் போட்டு, கட்டணத்தை இழந்து, கெடுவையும் தவறவிடுகிறார்கள். இங்கே போட வேண்டியது ஐ-751. இதன் பெயரே நிபந்தனை நீக்க மனு. அட்டையில் உள்ள காலாவதித் தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முன்னதாகப் போனால் திரும்பி வரலாம். போடாமலே விட்டால் வதிவுரிமை தானாக முறிந்து, வெளியேற்ற வழக்கு வரை போகும். தாமதமாகப் போட்டால் தக்க காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2024 ஏப்ரலில் கட்டணம் 750 டாலராயிற்று. மனு போய்ச் சேர்ந்ததும் வரும் ரசீதுக் கடிதம், 2023 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி, அட்டையின் காலத்தை 48 மாதம் நீட்டிக்கிறது. காலாவதியான அட்டையும் இந்தக் கடிதமும் சேர்ந்துதான் சான்று. பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் இதே நிலைமைக்குத் ‘தற்காலிக’ சரியான சொல். அங்கே துணைவர் விசா 820 உண்மையிலேயே தற்காலிகமானது. பிறகு 801 என்ற வேறொரு விசாவாக நிரந்தரம் வரும். மெல்போர்ன்காரர் சொல்லக் கேட்டு நியூஜெர்சிக்காரர் பிடித்துக்கொண்டாரோ என்னவோ. கனடாவில் 2012 முதல் 2017 வரை சில துணைவர்களுக்கு நிபந்தனை வதிவுரிமை இருந்தது. அங்கே நிபந்தனை, இரண்டாண்டு சேர்ந்து வாழ்வது. அமெரிக்காவிலோ திருமணம் மெய்யானது என்று காட்டுவதே நிபந்தனையின் உயிர்.

இந்த ‘மெய்யான’ என்ற இடத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள ‘குட் ஃபெய்த்’ என்பதை ‘நல்லெண்ணத்துடன் செய்த திருமணம்’ என்கிறார்கள், ஏதோ தூதுக்குழு அனுப்பியது மாதிரி. அதிகாரி பார்ப்பது எண்ணத்தின் நன்மையை அல்ல. சேர்ந்து வாழ நினைத்தே மணந்தார்களா என்பதை. அதனால்தான் கல்யாண ஆல்பம் மட்டும் போதாது. கூட்டு வருமான வரிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சம்பளம் வந்து மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் போய்க்கொண்டிருக்கிற கூட்டு வங்கிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவை பேசும். மனுவுக்கு முந்தைய மாதம் திறந்து நூறு டாலர் போட்டு வைத்த கணக்கு எதிராகவே பேசும். தமிழில் உள்ள ஆவணம் என்றால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, தமக்கு மொழிபெயர்க்கும் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம்.

இருப்பதிலேயே ஆபத்தானது ‘தள்ளுபடி’. கணவர் கையெழுத்துப் போட மறுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பெண்கள் உண்டு. முடியவில்லை. விவாகரத்து ஆகிவிட்டாலும், அடி உதையோ கொடுமையோ இருந்தாலும், துணைவர் இறந்துவிட்டாலும், நாடு கடத்தினால் கடும் இன்னல் நேரும் என்றாலும் தனியாக மனுப் போடலாம். 90 நாள் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் விவாகரத்தைக் காரணம் காட்டினால் இறுதித் தீர்ப்பு வேண்டும்; பிரிந்து வாழ்வது மட்டும் போதாது. ஆங்கிலத்தில் ‘வெய்வர்’ எனப்படும் இந்தச் சலுகைக்குத் ‘தள்ளுபடி’ என்று தமிழில் எழுதிவைக்கிறார்கள். நம் நீதிமன்றத் தமிழில் ‘மனு தள்ளுபடி’ என்றால் மனு நிராகரிக்கப்பட்டது. ‘தள்ளுபடி கோரி மனு’ என்று படிக்கிறவர் என்னதான் புரிந்துகொள்வார்? ‘கூட்டு மனுவிலிருந்து விலக்கு’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. இப்படிப்பட்ட மனுக்களுக்கும், கைது, கெடு தவறியது போன்ற சிக்கல் உள்ளவற்றுக்கும் குடிவரவு வக்கீலையோ அமெரிக்க நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியையோ பார்ப்பதே சரி. படிவம் நிரப்பித் தரும் கடைக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல உரிமையில்லை.

கடைசியாக ‘நிரந்தரக் குடியுரிமை’. கிரீன் கார்டுக்கு நம் பத்திரிகைகள் போடும் பெயர் இது. குடியுரிமை என்றால் அந்த நாட்டுக் குடிமகன், வாக்காளன். ஈழத்தமிழர் வழங்கும் வதிவுரிமை இதற்குக் கச்சிதம்; வதிதல் சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். தமிழ்நாட்டில் வசிப்புரிமை என்றாலும் குறையில்லை. தன்னிடம் இருப்பது குடியுரிமை என்று நம்பி, ஓட்டுநர் உரிமம் எடுக்கப்போன இடத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் ‘குடிமகன்’ என்று டிக் அடித்தால், அதுவே நாடு கடத்தக் காரணமாகலாம்.